காருக்குள் ஒரு சாட்சி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் நீ ஏதாவது பேசணும்டா" என்றார். எதைப் பற்றி என்றேன். "வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு பேசேன்" என்றார். அதற்குத் தகுதியானவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது வயரிங். ஆகவே காரின் முன் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறோமே டாஷ் காமிரா, அதற்கு எப்படி ஒழுங்காகக் கரண்ட் கொடுப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். இது ஒரு விஷயமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நானும் 2018 வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்து வானத்தில் விண்கல் ஒன்று வெடித்தது. உலகம் முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது எப்படி? அங்கே சாலையில் போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதர்களின் கார் காமிராக்கள் அதைப் பிடித்திருந்தன. அதை டி.வி.யில் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஆசை வந்தது. ஆனால் வாங்குவதற்கு நான்கு வருஷம் ஆனது. நம் சுபாவம் அப்படி.

வாங்கியபோது கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். இருபது நிமிஷ வேலை. "24 மணி நேரமும் ஓடும் சார், வண்டி நிற்கும்போது யாராவது இடிச்சாலும் பதிவாகும்" என்றான் அந்தப் பையன். எனக்கும் சந்தோஷம். ஒரு நூறு ரூபாய் தனியாகக் கொடுத்தேன். ஃபியூஸ் பாக்ஸை ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை. இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவன், முப்பத்தைந்து வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன், பார்க்கவில்லை.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். ரயிலில் போனோம். நான்கு நாள் கார் வீட்டு வாசலிலேயே நின்றது. திரும்பி வந்த அன்று இரவு இரண்டு மணிக்கு என் அத்தைக்கு மூச்சுத் திணறல். தூக்கி வந்து காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினால், 'டிக், டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரி காலி. எதிர் வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரில் ஆஸ்பத்திரி போனோம். அத்தை பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் அவர்கள் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

கணக்கு ரொம்பச் சின்னது. காமிரா 12 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 7 ஆம்பியர்-அவர் சொச்சம். நான்கு நாளைக்கு 29. என் காரின் பாட்டரி 35 ஆம்பியர்-அவர், அதுவும் மூன்று வருஷம் ஓடியது. இதைப் போடுவதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். நான் போடவில்லை.

மறுநாள் காலையில் கோபத்தோடு காமிராவின் வயரைப் பிடுங்கிப் போட்டேன். "சனியன், இது இருந்தாத்தான் ஆபத்து" என்றேன். காமிரா மட்டும் கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ஜி.எஸ்.டி. சாலையில் விபத்து. நான் காரில் இல்லை. எங்களிடம் பதினொரு வருஷமாக வண்டி ஓட்டியவர் தனியாக வந்துகொண்டிருந்தார். சாலை நடுவே இருந்த திறப்பு வழியாக எதிர்த்திசையில் ஏறி வந்த பைக்கில் மோதிவிட்டது. பைக்கில் வந்த பையனுக்குக் கால் முறிவு. அவன் தன் பாதையில் வந்ததாகவும், கார்தான் தாண்டி வந்து இடித்ததாகவும் சொன்னான். கூட்டம் கூடினால் நம் ஊரில் எப்போதும் பெரிய வண்டி மேல்தானே தப்பு? வழக்குப் பதிவானது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, 338 பிரிவுகள். "காமிரா இருக்கே, அதைப் போட்டுப் பாருங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். அது வெறும் பிளாஸ்டிக் பொம்மை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று இரவு அவரைக் கூப்பிட்டு நான் கேட்டேன்: "நிஜமாச் சொல்லுங்க, நீங்க தூங்கிட்டீங்களா?"

பதினொரு வருஷத்தில் அவர் ஒரு நாளும் எனக்குப் பொய் சொன்னதில்லை. அவர் பதில் பேசவில்லை. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அபராதத்தைக் கட்டி ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பலர் சொன்னபோது, "செய்யாததை நான் ஏன் சார் ஒத்துக்கணும்?" என்று மறுத்துவிட்டார். மூன்று வருஷம் வாய்தா வாய்தாவாக அலைந்தார். கடைசியில் அங்கே டீக்கடை வைத்திருந்த ஒருவர் வந்து பைக் தவறான பக்கத்தில் வந்தது என்று சாட்சி சொல்ல, விடுதலையானார். அதற்குள் என்னிடம் வேலையை விட்டிருந்தார்.

வழக்கு நடந்த காலத்தில்தான் ஒரு நாள் உட்கார்ந்து அந்த ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன். காமிராவின் வயர் நுனியைச் சீவி, உள்விளக்கு ஃபியூஸின் காலில் சுற்றி, அப்படியே அழுத்திச் சொருகியிருந்தது. நம் ஊரில் பல வண்டிகளில் இதுதான் 'ஹார்டுவயரிங்'. இதில் என்ன தப்பு என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, தடித்த கம்பியைத் திணித்ததால் ஃபியூஸைப் பிடிக்கும் கிளிப் விரிந்துவிடுகிறது. பிடிப்புத் தளர்ந்த இடம் சூடாகும். இரண்டாவது, அந்தத் தலைமுடி போன்ற வயருக்கென்று தனி ஃபியூஸே கிடையாது. 15 ஆம்பியர் ஃபியூஸ் அதைக் காப்பாற்றுமா? ஃபியூஸ் போவதற்கு முன் வயர் எரிந்துவிடும். ஃபியூஸ் வரும் பக்கத்துக் காலில் சுற்றியிருந்தால் அந்த 15 ஆம்பியர் காவலும் இல்லை. மூன்றாவது, வோல்டேஜ் குறைந்தால் தானே நின்றுவிடும் வசதி அந்த மலிவு கிட்டில் இல்லவே இல்லை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்?

நல்ல கிட்டில் மூன்று வயர் வரும். பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு, சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், லேபிளைப் படியுங்கள். கூடவே ஃபியூஸ் டாப் என்று ஒரு சின்னச் சாதனம் வாங்குங்கள். பழைய ஃபியூஸைப் பிடுங்கி அந்த இடத்தில் இதைச் சொருகி, இதன் மேலேயே பழைய ஃபியூஸ் ஒன்று, காமிராவுக்குப் புது ஃபியூஸ் ஒன்று, இரண்டையும் போடலாம். காமிராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் தாராளம். ஃபியூஸில் மினி, மைக்ரோ, சாதா என்று பல அளவு இருக்கிறது. உங்கள் ஃபியூஸ் ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இந்த டாப்பைச் சொருகுவதில் திசை உண்டு. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஃபியூஸைக் கழற்றிய பின் இரண்டு துளையிலும் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். சிவப்பு வயருக்கான இடம் என்றால் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு பாருங்கள். விளக்கு எரிகிற துளைதான் கரண்ட் வருகிற பக்கம். டாப்பின் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். திருப்பிப் போட்டாலும் காமிரா ஓடும், அதுதான் ஏமாற்று. ஆனால் காமிராவின் கரண்டும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். அந்த ஃபியூஸ் போனால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

எந்த ஃபியூஸில் எடுப்பது? ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் கம்ப்யூட்டர், இந்த மூன்றின் பக்கமும் கை போகக் கூடாது. சிவப்புக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட், மஞ்சளுக்கு உள்விளக்கு போன்றவை போதும். எர்த் கொடுக்கும் போல்ட் பாடியின் வெறும் உலோகத்தில் இறங்கியிருக்க வேண்டும். பெயின்ட் மேல் வளையத்தை வைத்து முறுக்கிவிட்டு, "காமிரா அடிக்கடி ஆஃப் ஆகுது" என்று புலம்புகிறவர்கள் அதிகம்.

அடுத்து வயர் போகும் வழி. கண்ணாடியின் மேல் ஓரமாக ரூஃப் துணிக்குள் விரலால் தள்ளிக்கொண்டே போனால் பக்கத் தூண் வரை வந்துவிடலாம். தூணில்தான் கவனம். புதிய கார்கள் பலவற்றில் ஆறு ஏர்பேக் வருகிறது. பக்கவாட்டுத் திரை போன்ற ஏர்பேக் கூரையின் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டு, அந்தத் தூணுக்குள்ளும் நீண்டிருக்கலாம். வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் குறுக்கே போகக் கூடாது. குறுக்கே போனால் ஏர்பேக் விரிவதற்கு அது தடை. தூண் மூடியைக் கழற்றும் முன் பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மேனுவலில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். அவசரக்காரர்கள் இந்த வேலையைச் செய்யாமலிருப்பது நல்லது. வயரைக் கட்டுவதற்குத் துணி டேப் வாங்குங்கள். சாதா இன்சுலேஷன் டேப் நம் சித்திரை வெயிலில் பசையாக உருகி வழியும்.

இனி அந்த வோல்டேஜ். முழு சார்ஜில் நிற்கும் பாட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் கிட்டத்தட்டக் காலி. கிட்டில் சின்ன ஸ்விட்ச் இருக்கும், 12.2-க்குக் கீழே வைக்காதீர்கள். பழைய பாட்டரியென்றால் 12.4. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், வீட்டுக்குள் கார் நிறுத்துகிறவர்களுக்கு நிறுத்தி வைத்த நேரப் பதிவே தேவையில்லை. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து சாவிக் கரண்டிலேயே கொடுத்துவிடுங்கள். வண்டி ஓடினால் காமிரா ஓடும், நின்றால் நிற்கும். நிம்மதி.

காமிரா வாங்கும்போது உள்ளே லித்தியம் பாட்டரியா, சூப்பர் கெபாசிட்டரா என்று கேளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் லித்தியம் ஊதிக்கொள்ளும். கெபாசிட்டர் தாங்கும். மெமரி கார்டு, திரும்பத் திரும்ப எழுதுவதைத் தாங்குவதற்கென்றே தனியாக வருவதை வாங்குங்கள். போனுக்கு வாங்கியதில் மிச்சமிருந்ததைப் போட்டால், அது செத்த பிறகும் காமிரா விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். மாதம் ஒரு முறை பதிவை ஓட்டிப் பாருங்கள். பார்க்கும்போது மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். காருக்குள் நாம் பேசியதும் பதிவாகியிருக்கும். என் பாட்டும் பதிவாகியிருந்தது.

விபத்து ஏதும் நடந்துவிட்டால் உடனே காமிராவை நிறுத்தி, கார்டை எடுத்து பத்திரப்படுத்துங்கள். விட்டால் மேலேயே எழுதிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோமே என்று அசலை அழிக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியமத்தின் 63-ஆம் பிரிவு, அதற்கு முன் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி. நகலைக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். அசல் கருவியையே உடையவர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் வேண்டாம் என்று பழைய 65-பி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொன்னது. மற்றதை வக்கீலிடம் கேளுங்கள், நான் மெக்கானிக்.

எங்களிடம் வண்டி ஓட்டியவர் இப்போது சொந்தமாக டூரிஸ்ட் கார் வைத்திருக்கிறார். 2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், இறங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றார், அவ்வளவுதான். நான் கொண்டு போயிருந்த காமிராவை அவர் வண்டியில் மாட்டினேன். அரை நாள் ஆனது. அவர்தான் டார்ச் பிடித்தார். தூண் மூடியைத் திரும்ப அழுத்தும்போது ஒரு கிளிப் உடைந்துபோனது, அது இன்னும் என் கடன். எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பியதும் அவர் காமிராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "பதிவாகுதுன்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?" அங்கேயே தெருமுனை வரை ஒரு சுற்று ஓட்டி, கார்டை எடுத்து, அவர் மகளின் லாப்டாப்பில் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு என் கார் ஒர்க்‌ஷாப் பக்கத்து வேப்ப மரத்தடியில் நிற்கும். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து காட்டுகிறேன். ஒரு தடவைக்கு ஐந்து பேர் வாருங்கள், லேபில் இருந்து ஒரு மல்டிமீட்டர் எடுத்து வாருங்கள், என்னுடையதில் பாட்டரி தீர்ந்துவிட்டது.