சிப் என்னும் பூட்டு! சாவி யார் கையில்?

(நூம்பலில் இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஷிப்டு மாறும் நேரத்தில் நூம்பலை விட்டுப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைக்கு வந்து நின்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போகும். அதில் போகும் பிள்ளைகள்தான் உலகச் சந்தைக்கு ஐபோன் பூட்டித் தருகிறார்கள். நமக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் போனின் மூளையாகிய சிப் எங்கே தயாராகிறது? தைவானில்! அங்கிருந்து அது வராவிட்டால் இந்தப் பேருந்துகளுக்கு வேலை இல்லை.

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2021இல் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் நடக்கும் என்று மாருதி நிறுவனமே அறிவித்தது. இரும்பு இருந்தது, டயர் இருந்தது, தொழிலாளி இருந்தார். சிப் இல்லை. கொரோனாவுக்குப் பயந்து கார் நிறுவனங்கள் ஆர்டரைக் குறைத்தன. சிப் ஆலைகள் அந்த இடத்தை கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் கொடுத்துவிட்டன. கார் விற்பனை திரும்பி எழுந்தபோது மலேசியாவில் ஊரடங்கு. அங்குள்ள ஆலைகள் முடங்கின, இங்கே ஷோரூம் காலியானது.

ஏன் வேறு யாரிடமாவது வாங்கக் கூடாது? வணிகர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வாங்க முடியாது! மிக நுண்ணிய சிப்பைப் பதிக்கும் இயந்திரத்தைச் செய்வது உலகத்திலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அந்த இயந்திரத்தை வைத்து உலகின் மிக உயர்தரச் சிப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் செய்வது தைவான். வடிவமைப்பில் அமெரிக்கா, ரசாயனப் பொருட்களில் ஜப்பான். ஆளுக்கொரு வாசலில் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தப் பூட்டைத்தான் வல்லரசுகள் ஆயுதமாக்கிவிட்டன. 2022 அக்டோபரில் அமெரிக்கா, உயர்தரச் சிப்பும் அதைச் செய்யும் கருவிகளும் சீனாவுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. சீனா சும்மா இருக்குமா? சிப் தொழிலுக்கு வேண்டிய காலியம், ஜெர்மானியம் என்ற உலோகங்களை 2023 ஆகஸ்ட் முதல் உரிமம் இல்லாமல் வெளியே விடவில்லை. குண்டு இல்லை, பீரங்கி இல்லை, வெறும் காகித உத்தரவு! தொண்ணூறுகளில் ஜெர்மனி சில சாயங்களைத் தடை செய்தபோது ஆம்பூர், வாணியம்பாடி தோல் வணிகர்கள் பட்ட பாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதே கதைதான், அளவு பெரிது.

நம் நாடு தூங்கியதா என்றால், இல்லை என்பதுதான் வேதனை. மொகாலியில் அரசின் சிப் ஆலை 1984இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. இன்று உலகை ஆட்டிப்படைக்கும் தைவானின் டிஎஸ்எம்சி பிறந்ததே 1987இல்தான்! 1989 பிப்ரவரியில் மொகாலி ஆலை தீக்கிரையானது. மீண்டும் எழுந்தாலும், இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. 2018இல் நம் சென்னை ஐஐடி சக்தி என்ற சிப்பை வடிவமைத்தது. அறிவு அடையாற்றங்கரையில், ஆனால் முதல் சிப்பை வார்த்தெடுக்க அமெரிக்காவின் இன்டெல் ஆலைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இனி பினாங்கைப் பாருங்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் கடல் கடந்து கடை போட்ட ஊர், காதிர் முகைதீன் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நிற்கும் ஊர். சுங்கமில்லாத் துறைமுகம் என்ற சலுகையை வைத்தே வாழ்ந்த அந்தத் தீவுக்கு 1969இல் அந்தச் சலுகை போய்விட்டது. வணிகம் சரிந்தது, இளைஞர்கள் வேலையின்றி நின்றார்கள். முதலமைச்சர் லிம் சொங் யூ கம்பெனிகளைத் தேடிப் போய் அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் இன்டெல் வந்தது. சிப்பைப் பொதிந்து சோதிக்கும் வேலைதான், எளிய வேலை என்று பலர் இளப்பமாகப் பார்த்த வேலை. இன்று உலகின் அந்த வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவுடையது. 2021இல் அவர்கள் கதவடைத்ததும் நம் ஊர்க் கார் நின்றது இதனால்தான்.

நமக்கு என்ன கிடைத்தது? 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கி சிப் திட்டம் அறிவித்தது. 2025 ஆகஸ்ட் வரை ஒப்புதல் பெற்ற 10 ஆலைகளில் குஜராத்துக்கு நான்கு. ஒடிசாவுக்கும் உண்டு, அஸ்ஸாமுக்கும் உண்டு. போனும் காரும் செய்து குவிக்கும் தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை! இதைக் கேட்க வேண்டியவர்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

கேட்பது ஒரு பக்கம். நோக்கியா ஆலை 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2014இல் மூடப்பட்டபோது, பூட்ட மட்டுமே தெரிந்திருந்த பிள்ளைகள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். சோதனைக் கருவியை இயக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்தவனை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது. ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்கும் சகோதரர்களே! உங்கள் கடைப்பையன் போர்டில் எந்தச் சிப் செத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான். அவனை மாலைநேர டிப்ளமோவில் சேர்க்க ஒருவருக்கு ஒருவர் கட்டணம் ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அம்பத்தூரில் ஐடிஐ இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு இருக்கிறது.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிளஸ் டூ, ஐடிஐ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். கட்டணம் ஏற்க முன்வருபவர்கள் அதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்.