சாவி போட்டதும் ஓடணும்

பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ நான். தப்பிருந்தா பொறுத்துக்கணும். எங்க குழு மாவு மில்லு ஜெனரேட்டரைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த ராத்திரியை நாம யாரும் மறக்க முடியாது. கரண்டு கம்பமெல்லாம் சாஞ்சு போச்சு. மில்லுக்குப் பக்கத்திலேயேதான் ஊர்த் தண்ணித் தொட்டி. "உங்ககிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே, மோட்டாரை ஓட்டுங்கம்மா"ன்னு ஊரே குடத்தோட வந்து நின்னுச்சு. சாவியைத் திருப்பினேன். டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கடன் போட்டு வாங்கின மெஷின். எட்டு மாசமா உறை போட்டு மூடி, பத்திரமா வச்சிருக்கோம்னு நினைச்சிருந்தோம். பேட்டரி இறங்கியிருந்துச்சு. டிராக்டர் பேட்டரியைக் கொடுத்தா, ரெண்டு நிமிஷம் ஓடி நின்னுருச்சு. டீசல் டேங்க் அடியில் தண்ணியும் கசடும். ரோடெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால மெக்கானிக் வர மூணு நாளாச்சு. சாவி என் பொறுப்பு. யாரும் என்னைத் திட்டலை. வெறுங்குடத்தோட பேசாம திரும்பிப் போனாங்க. அதுதான் இன்னமும் உறுத்துது.

அதுக்கப்புறம் வாராவாரம் கூட்டம் முடிஞ்சதும் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கிறோம். இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயில் குச்சி, ரேடியேட்டர் தண்ணி, டீசல், பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப்பூ எல்லாத்தையும் பார்க்கணும். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு, சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஜெனரேட்டர் பக்கம் தள்ளி, மாவு மெஷினை அரை மணி நேரம் ஓட்டணும். சும்மா ஓடவிட்டா போதாது. எரியாத டீசல் கரியாப் படியும். பாரம் ஏத்தினாத்தான் அதோட பலவீனம் தெரியும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம நேரா ஒயரைச் சொருகாதீங்க. நம்ம கரண்டு லைனுக்குத் திரும்பிப் போனா, கம்பத்தில் ஏறினவர் உயிரு போயிடும். ஓடுற மெஷினில் டீசல் ஊத்தக் கூடாது. மூடின அறைக்குள்ள ஓட்டவே கூடாது; அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

தேதி, ஓடின நேரம், மீதி டீசல், ஓட்டினவங்க கையெழுத்து, எல்லாம் நோட்டில் ஏறிடும். ஆயிலும் ஃபில்டரும் எப்ப மாத்தணும்னு அந்த நோட்டே சொல்லும்.

போன ஐப்பசி மழையில் கரண்டு போன ராத்திரி, முதல் சாவியிலேயே பிடிச்சுக்கிச்சு. தொட்டி நிரம்பி வழிஞ்சதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துருச்சு.

சேமிப்பை வாராவாரம் கட்டுறோம், அவசரத்துக்குக் கை கொடுக்குது. ஜெனரேட்டரும் அப்படித்தான். உங்க குழுவில் ஒண்ணு இருந்தா, இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.