முதல் விமானம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடைக்குப் புலவர் பெருமக்களை அழைப்பதே நம் சங்கத்தின் வழக்கம். இம்முறை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில் ஓட்டுநர்களின் கிலோமீட்டர் அலவன்ஸ் கணக்கை எழுதிக் காலங்கழிக்கும் குமாஸ்தா ஒருவனை ஏற்றியிருக்கிறீர்கள். அதுவும் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசுமாறு! காரணம் இல்லாமல் இல்லை. நம் காலனியில் இவ்வாண்டு மூன்று வீடுகளில் பிள்ளைகளை விமானிப் பயிற்சிக்கு அனுப்பும் பேச்சு நடக்கிறது. என் தமக்கையின் மகள் மூன்றாண்டுகளாக ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானியாக இருக்கிறாள். அவள் வேலையில் சேர்ந்த காலத்தை அருகிலிருந்து பார்த்தவன் என்பது ஒன்றே எனக்குள்ள தகுதி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். லைசென்ஸ் வந்துவிட்டால் வேலை வந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் தேறி, உயர்தர மருத்துவச் சோதனையில் வென்று, குறைந்தது 200 மணி நேரம் பறந்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்தும் பரீட்சைகளையும் முடித்தவருக்கு வணிக விமானி உரிமம் கிடைக்கிறது. அதற்குள்ளாகவே ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்புக் கரைந்துவிடும். என் தமக்கை குரோம்பேட்டையில் இருந்த வீட்டை அடமானம் வைத்தாள். ஆனால், அந்த உரிமத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பயணி விமானத்தையும் தொட முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி பெற்று, அதன் பெயரை உரிமத்தில் பதிந்துகொள்ள வேண்டும். டீசல் எஞ்சின் ஓட்டியவர் மின்சார எஞ்சினுக்கு மாற மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறாரே, அதைப் போன்றது இது. இந்தப் பயிற்சிக்கு மேலும் பல லட்சம் ரூபாய் ஆகும். ஆதலால், முதலில் எந்த விமானத்தின் பெயர் உரிமத்தில் ஏறுகிறது என்பது சிறிய விஷயம் அன்று.

எங்கள் பெண்ணுக்கு அந்தக் கேள்வி கடிதமாகவே வந்தது. புதிதாய்ச் சேர்கிறவர்களின் விருப்பத்தைக் கம்பெனி கேட்டிருந்தது. ஏர்பஸ் ஏ-320 என்றால் டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்டு பணி செய்ய வேண்டும். ஏ.டி.ஆர்.-72 என்றால் சென்னை. நம் ஓட்டுநர்கள் ஹெட்குவார்ட்டர்ஸ் என்கிறார்களே, விமானிக்கும் அப்படி ஓர் ஊர் உண்டு. வேலை அங்கே தொடங்கி அங்கே முடியும்.

அவள் ஏ.டி.ஆரைக் கேட்டாள். உறவினர் கூட்டத்தில் ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லி முடியாது. "விசிறி வைத்த விமானத்துக்கா இத்தனை பணம் செலவழித்தீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர் உண்டு. விசிறி இருந்தால் பழைய காலத்து வண்டி என்பது அவர்களுடைய எண்ணம். உண்மை என்னவெனில், ஏ-320 முதன்முதலில் பறந்தது 1987 பிப்ரவரியில். ஏ.டி.ஆர்.-72 பறந்ததோ 1988 அக்டோபரில். விசிறிக்காரன்தான் இளையவன்!

ஏ.டி.ஆர்.-72இல் எழுபது எழுபத்தெட்டுப் பேர் அமரலாம். மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வேகம். 25,000 அடிக்கு மேல் ஏறாது. ஏ-320இல் ஏறக்குறைய 180 பேர் போகலாம். வேகம் 800 கிலோமீட்டருக்கு மேல். 39,000 அடி வரை ஏறி, பெரும்பாலான மேகங்களைக் காலடியில் விட்டுச் செல்லும். விசிறி விமானமோ அந்த மேகங்களின் ஊடே போக வேண்டியது. குலுக்கல் அதிகம், இறக்கையில் பனிக்கட்டி படியும் அபாயத்தை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவியும் அதில் கிடையாது. விமானியின் கைதான் செய்ய வேண்டும். ஒரே நாளில் நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குவாள். கைப்பழக்கம் என்பது அப்படித்தானே வரும்?

மற்றொன்று, அது போகும் ஊர்கள். தூத்துக்குடியின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர் அளவே இருந்தது. பாதையை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டிப் புதிய முனையத்தை 2025 ஜூலையில் திறந்தார்கள். அதுவரையில் அவ்வூர் மக்களைச் சென்னைக்கு ஏற்றிச் சென்றவை விசிறி விமானங்களே. சேலத்துக்கு 2023 அக்டோபரில் விமானம் மீண்டும் வந்தபோது வந்ததும் ஏ.டி.ஆர்.தான்.

இனி, ஊரைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். என் மனத்தில் இதுவே பெரிய பேச்சு.

அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகளில் ஒரு முறை இருக்கிறது. வேலையில் சேர்ந்தவுடன் ஒவ்வொரு விமானிக்கும் சீனியாரிட்டி எண் ஒன்று கொடுக்கிறார்கள். ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுள் வயதில் மூத்தவருக்கு முன்னெண் தருவது சில கம்பெனிகளின் வழக்கம். பிறகு, காலியாக உள்ள விமானங்களையும் ஊர்களையும் பட்டியலிட்டு, அந்த எண்ணின் வரிசைப்படியே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கடைசி எண்காரர் மிச்சத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது. அன்று தொடங்கி, 65ஆம் வயதில் ஓய்வு பெறும் வரையில், எந்த விமானம், எந்த ஊர், எந்த வாரம் விடுப்பு என்பதெல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கும். வேறு கம்பெனிக்குப் போனால் மறுபடியும் கடைசி எண்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமக்குத் தெரியாத கதையா இது? சொந்த விருப்பத்தின் பேரில் தெற்கு ரயில்வேக்கு மாற்றல் கேட்டுப் போகிறவர், அங்கே பட்டியலின் அடியில் போய் நிற்கிறார். இருபது ஆண்டு சர்வீஸ் உள்ளவர், நேற்றுச் சேர்ந்த பையனுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறார். தாய் தந்தையர் முதுமையில் தனியே இருக்கிறார்கள் என்பதற்காக அப்படிப் போனவர்களும் நம்மில் உண்டு. பதவியை நினைத்துப் போகாமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. இருவரையும் நான் குறை கூற மாட்டேன்.

அமெரிக்க விமானிகளிடமும் இதே கணக்குத்தான். பெரிய விமானத்தைக் கேட்டு வாங்கியவர், அதன் பட்டியலில் கடைசியில் கிடப்பார். போன் மணி அடித்தால் புறப்பட வேண்டிய ரிசர்வ் வேலை. பண்டிகை நாளில் பயணம். சிறிய விமானத்தில் முன்னால் இருப்பவர் வேண்டிய நாட்களில் வீட்டில் இருப்பார். நம் நாட்டில் எண்ணுக்கு அவ்வளவு ஆட்சி இல்லை; கம்பெனியின் தேவையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆயினும், கேட்கும் சந்தர்ப்பம் ஒருவருக்கு வாய்க்குமானால், விமானத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஊரின் பெயரைப் பார்ப்பதே நன்று என்பது என் கருத்து. எங்கள் பெண்ணின் தந்தை காலமாகிவிட்டார். தாய் தனியே இருக்கிறாள். குரோம்பேட்டை வீட்டிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம்.

வேலையில் பழகிக்கொள்வது எப்படி என்று இளைஞர்கள் கேட்டார்கள். வகுப்பறைப் பாடம் முடிந்ததும், தரையில் நின்றபடியே ஆடும் சிமுலேட்டரில், எஞ்சின் அணைவது, தீப்பிடிப்பது முதலான எல்லா ஆபத்துகளையும் மாறி மாறிக் காட்டுவார்கள். பின்பு பயணியர் இல்லாத விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி. அதன் பிறகு, பயணியரோடு, பயிற்சி தரும் தலைமை விமானியின் பக்கத்தில். ஆரம்ப நாட்களில் பின் ஆசனத்தில் இன்னொரு விமானியும் காவலாக உட்கார்ந்திருப்பார். அவள் சொன்னாள்: "மாமா, பறப்பதைவிட வாய் திறந்து சொல்லப் பழகுவதுதான் கடினமாக இருந்தது." ஒருவர் ஒரு நெம்புகோலைத் தொட்டால் மற்றவர் அதைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். நம் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலைக் கைநீட்டிக் காட்டி, ஒருவருக்கொருவர் கூவிச் சொல்வதை நாம் அறிவோம். வெளியாருக்கு அது விளையாட்டாகத் தோன்றும்.

அது விளையாட்டன்று. 2023 ஜனவரி 15ஆம் நாள், நேபாளத்தில் பொக்காரா நகரில் இறங்க வந்த ஏ.டி.ஆர்.-72 விமானம் ஒன்று விழுந்து 72 பேர் மாண்டனர். இறக்கையின் மடிப்பை நீட்டும் நெம்புகோலை இழுப்பதற்குப் பதிலாக, விசிறிகளின் இழுவையையே இல்லாமல் செய்துவிடும் நெம்புகோல்களை நகர்த்திவிட்டார்கள் என்று விசாரணை கண்டது. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, விசிறிகள் காற்றைத் தள்ளவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று என் தமக்கை சாப்பிடவில்லை. பெண் மட்டும் மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

அன்றாட வாழ்க்கையும் நமக்குப் பழக்கமானதே. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருத்தல். பணியேற்கும்போது, நம் லாபியில் ஊதுவதைப் போலவே, மது அருந்தவில்லை என்று கருவியில் ஊதிக் காட்டல். ஆல்கஹால் கலந்த வாய்நீரையும் பற்பசையையும்கூடப் பயன்படுத்தலாகாது என்று 2023இல் விதி செய்தார்கள். வார ஓய்வை 2025 ஜூலை முதல் 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தினார்கள். நம் ஓட்டுநருக்குக் கிலோமீட்டர் எப்படியோ, விமானிக்குப் பறந்த மணி அப்படி. சம்பளத்தில் ஒரு பெரும் பகுதி அதைப் பொறுத்தது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றுள் ஒன்றுகூட விசிறி விமானம் அன்று. ஜெட்டில் பறந்த மணிகளுக்கு வெளியில் மதிப்பு அதிகம். சம்பளமும் பெரும்பாலும் அதிகம். கடன் தவணை கழுத்தை நெரிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஜெட்டைக் கேட்டால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால், விசிறியில் தொடங்கியவர் அங்கேயே தேங்கிவிடுவார் என்ற பேச்சை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1985இல் சௌதாமினி தேஷ்முக் தலைமையில், பெண்களே ஓட்டிய முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது. அது போக்கர் பிரெண்ட்ஷிப் என்ற விசிறி விமானம். அதில் துணை விமானியாக இருந்த நிவேதிதா பாசின், 1990இல், தம் 26ஆம் வயதில், போயிங் ஜெட் விமானத்தின் தலைமை விமானி ஆனார்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டாவது கடிதம் வந்திருக்கிறது. ஏ.டி.ஆரிலிருந்து ஏ-320க்கு மாற விருப்பமா என்று கம்பெனி கேட்கிறது. மாறினால் மீண்டும் பயிற்சி, டெல்லி, ஜெட் துணை விமானிகளின் வரிசையில் கடைசி இடம். மாறாவிட்டால், மேல்நிலை உரிமத்துக்கு வேண்டிய 1,500 மணி நேரத்தைக் கடந்துவிட்டவள் ஆதலால், இடப்பக்கத்துத் தலைமை ஆசனம் சென்னையிலேயே சீக்கிரம் கிடைக்கக்கூடும். தமக்கை, "எனக்காக நிற்காதே, போ" என்கிறாள். பெண்ணோ, தவணைக் கணக்கை ஒரு தாளிலும், தலைமை விமானி ஆகும் காலக் கணக்கை இன்னொரு தாளிலும் எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் கணக்கில் மட்டும் இரண்டு கூட்டல்களைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்பினேன். பதில் எழுத அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை நாள் இருக்கிறது.