திராட்சைத் தோட்டத்தில் யாருடைய பிணம்?

(சார்செல்லில் நடந்த எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசியது. பேச்சு நடையை முழுவதும் மாற்றாமல் விட்டிருக்கிறேன்.)



இண்டைக்கு நான் கதைக்கப் போறது கொலைக்கதை பற்றி. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை: ஒரு பெரிய குடும்பம், அவர்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டம், அறுவடைக் காலம், ஒரு பிணம். இடதுசாரிக் கூட்டத்தில இது என்னத்துக்கு என்று யோசிக்கிற ஆக்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். ஏர்னெஸ்ட் மண்டேல் என்ற பெல்ஜிய மார்க்சியப் பொருளியலாளர் 1984இல் துப்பறியும் கதையின் சமூக வரலாற்றை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். அவருக்கு இந்தக் கதைகள் உண்மையிலேயே பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனால ‘இதெல்லாம் முதலாளித்துவக் குப்பை, வாசிக்காதையுங்கோ’ என்று சொல்ல நான் வரேல்லை.

பிரான்சில் இந்த வகைக்கு நல்ல சந்தை இருக்கு. ழான்-பியர் அலோ, நோயல் பலென் என்ற இருவர் சேர்ந்து 2004 முதல் எழுதிய ‘லு சாங் து லா வீஞ்’ என்ற வரிசை இருக்கிறது. தமிழில் ‘திராட்சைக்கொடியின் இரத்தம்’ எனலாம். இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள். துப்பறிகிறவர் பொலிஸ்காரர் இல்லை, வைன் நிபுணர். பிரான்ஸ் 3 தொலைக்காட்சியில் 2011 முதல் 2017 வரை பியர் அர்டிட்டி நடித்துத் தொடராகவும் வந்தது. உங்களில கொஞ்சப் பேர் வீட்டில பார்த்திருப்பீங்கள்.

இந்த வகைக் கதைகளில் நாலைஞ்சு வாசித்தால் அச்சு பிடிபட்டுவிடும். தோட்டத்தின் பெரியவர் நிலவறையிலோ நொதிக்கிற தொட்டியிலோ செத்துக் கிடப்பார். மூன்று பிள்ளைகள்: ஒருத்தர் தோட்டத்தைக் காப்பாற்ற நினைப்பார், ஒருத்தர் விற்க நினைப்பார், ஒருத்தர் பாரிசில் கடன்பட்டுப்போய் இருப்பார். எல்லைத் தகராறு பிடிக்கிற பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், வாங்கக் காத்திருக்கிற வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர், காணாமல்போன உயில் ஒன்று. கடைசியில் கொலையாளி பிடிபடுவார், அறுவடை முடியும், மிச்சம் இருக்கிற குடும்பம் மேசையில் இருந்து குடிக்கும்.

ஏன் எப்போதும் வாரிசுச் சண்டை? அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி தாய் தகப்பன் பிள்ளையை முழுதாகச் சொத்திலிருந்து விலக்க ஏலாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கு. ஷம்பேன் பகுதியில் ஒரு ஹெக்டேர் திராட்சை நிலம், அதாவது ரெண்டரை ஏக்கர், சராசரியாகப் பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் போகிறது. நிலத்தை உடைக்காமல் வைத்திருக்க விரும்புகிற பிள்ளை மற்றவர்களின் பங்கை வாங்க வேண்டும். அதற்குக் காசு இல்லையென்றால் விற்க வேண்டும். நாவலாசிரியர் கொலைக்கான காரணத்தைத் தேடி அலையத் தேவையில்லை. நொத்தாரிசின் அறையிலேயே அது கிடைக்கும்.

எங்கட ஆக்கள் எழுதினதும் இந்த அச்சுக்கு வெளியில இல்லை. சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’வை எடுங்கோ. ஒரு கிராமம், ஒரு பழைய ஜமீன் வீடு, அந்தச் சொத்தைச் சுற்றி மர்மம். திராட்சைக்குப் பதில் ஜமீன், அவ்வளவுதான்.

இப்ப என்ர கேள்வி. இந்த நாவல்களில் திராட்சையைப் பறிக்கிறது யார்? ஷம்பேன் என்ற பெயரில் விற்கப்படும் வைனுக்கான திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது என்பது அந்தப் பெயருக்கான விதி. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு இலட்சம் பேர் அளவில் வேலைக்கு வருகிறார்கள். கதையில் அவர்கள் கூடையோடு கடந்து போகிற உருவங்கள். அல்லது முதல் அத்தியாயத்தில் முதலாளியின் பிணத்தைக் கண்டு கத்துகிற ஆள். அதுக்குப் பிறகு அந்த ஆளுக்கு வேலை இல்லை.

ஒரு சின்ன விசயத்தைப் பாருங்கோ. திராட்சைச் சாறு நொதிக்கும்போது கரியமில வாயு வரும். அது காற்றை விடக் கனமானது, மணம் இல்லை, தொட்டியின் அடியிலும் நிலவறையிலும் தேங்கி நிற்கும். காற்றோட்டம் இல்லாத தொட்டிக்குள் இறங்குகிறவர் சில நிமிடங்களிலேயே மயங்கிச் சாகலாம். கதையில் இது புத்திசாலித்தனமான கொலை. வெளியே இது வேலையிட விபத்து, உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி. ஒரே வாயு, ஒரே தொட்டி. செத்தது யார் என்பதைப் பொறுத்து ஒன்று மர்மம் ஆகிறது, மற்றது விபத்து ஆகிறது.

2023 செப்டெம்பரில் ஷம்பேன் அறுவடை கடும் வெயிலில் நடந்தது. வெப்பநிலை முப்பது பாகைக்கு மேல். அந்தச் சில நாட்களில் குறைந்தது நான்கு பேர் செத்தார்கள். ஒருவருக்கு வயது பத்தொன்பது. வெப்பம்தான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. பறிக்கிறவர்களில் பலருக்குக் கிலோ கணக்கில்தான் சம்பளம். நிழலில் பத்து நிமிடம் இருந்தால் அந்தப் பத்து நிமிடக் காசு போச்சு. இங்கே விசம் வைத்தவர் யார் என்று எந்த நிபுணரைக் கேட்பது? கூலி முறையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அதே மாதம் நெல்-லு-ரெபோன் என்ற கிராமத்தில் இன்னொரு விசயம் வெளியில வந்தது. 57 பேர், பெரும்பாலும் மாலி, மொரித்தானியா, ஐவரி கோஸ்ட், செனகல் நாட்டுக்காரர், பலருக்குப் பேப்பர் இல்லை. பாரிஸ் பகுதியில் இருந்து கூட்டிக்கொண்டு போனவர்கள். அழுக்கான கட்டிடம், பாவிக்க ஏலாத மலசலகூடம், கெட்டுப்போன சாப்பாடு. தொழில் பரிசோதகர்கள் போய்ப் பார்த்த பிறகு வழக்குப் பதிவானது. 2025 யூலை 21 அன்று ஷலோன்-ஓன்-ஷம்பாஞ் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆட்கடத்தல். ஆட்களை வழங்கிய நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு நாலு வருடச் சிறை, அதில் ரெண்டு வருடம் ஒத்திவைக்கப்பட்டது. வேறு இருவருக்கும் சிறை. அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு. அவர்களைக் கொண்டு அறுவடை செய்த ஒரு வைன் நிறுவனத்துக்கு 75,000 யூரோ தண்டம். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 4,000 யூரோ.

இந்தத் தீர்ப்பு சின்ன விசயம் இல்லை. பேப்பர் இல்லாத ஆக்கள் நீதிமன்றத்துக்கு முன்னால் நின்று சொன்னதால் வந்தது. அதே நேரம் இரண்டு விசயங்களைக் கவனியுங்கோ. ஒன்று, ஷம்பேன் தொழிலின் அமைப்பே வழக்கில் பாதிக்கப்பட்ட தரப்பாகச் சேர்ந்து கொண்டது. பெயர் கெட்டுப்போனதே அதன் காயம். ரெண்டு, சே.ஜே.தே. தொழிற்சங்கம் கேட்டது: இப்படிப் பறித்த திராட்சைக்கு ஷம்பேன் என்ற பெயரை எடுத்துவிடுங்கோ. இந்தக் கோரிக்கைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அது கையில் கத்தி வைத்திருந்தவரோடு நிற்கவில்லை, போத்தல் விற்பவர் வரைக்கும் போகிறது. இடையில் ஆள் வழங்குகிற நிறுவனம் ஒன்று இருந்தால் மேலே இருப்பவரின் கை சுத்தமாகவே இருக்கும்.

இந்த இடைத்தரகருக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் இருக்கு. கங்காணி. முற்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, தோட்டத்தில் பேர் பதிந்து, தலைக்கு இவ்வளவு என்று எடுப்பவர். தேயிலைத் தோட்டம் அப்படித்தான் இலங்கையில் நிரம்பியது. அதனால தோட்டத்தில் விழுந்த பிணங்களைப் பற்றி எங்களிடம் வேறொரு நூலகம் இருக்கு.

1940 ஜனவரி 10. கண்டிப் பகுதியில் முல்லோயா தோட்டம். வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் நினைவுகூரப்படுபவர். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் மனைவி சார்பில் வாதாடினார். அடுத்த வருடம், 1941 மே மாதம், ஸ்டெலன்பர்க் தோட்டத்தில் போப் என்ற வெள்ளைக்காரத் துரை கொல்லப்பட்டார். அதற்கு ஆணைக்குழு இல்லை, கொலை வழக்கு. இரண்டு தமிழ்த் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

இரண்டு வருடத்தில் இரண்டு பிணங்கள். துரையின் சாவு துப்பறியும் கதைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி: இருட்டு, சந்தேக நபர்கள், தண்டனை. கோவிந்தனின் சாவில் மர்மமே இல்லை. எல்லாரும் பார்க்க, சீருடைக்காரன் சுட்டான். யார் சுட்டது என்று கண்டுபிடிக்கத் தேவையில்லாத சாவைத் துப்பறியும் கதைக்கு எடுக்கத் தெரியாது. அது கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி ‘யார்?’ என்பது. எங்களுக்குத் தேவையான கேள்வி ‘யாருக்காக?’

அப்படியென்றால் இந்த வடிவத்தை விட்டுவிடுவதா? அவசரப்படாதையுங்கோ. எங்கட பக்கத்துச் சென்-தெனியில் பிறந்த டிடியே டெனின்க்ஸ் 1980களின் தொடக்கத்தில் ‘மேர்த்ர் பூர் மெமுவார்’ என்று ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். அதே பொலிஸ், அதே பிணம், அதே தடயம். ஆனால் தடயம் போய் நிற்கிற இடம் 1961 ஒக்டோபர் 17. அன்று இரவு பாரிசில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் பொலிஸ் அடித்துக் கொன்றது, பலரைச் செய்ன் ஆற்றில் தள்ளியது. அப்போது பாரிஸ் பொலிசுக்குத் தலைமை வகித்தவர் மொரிஸ் பாப்போன். அதே பாப்போன்தான் நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் போர்தோவில் இருந்து யூதர்களை நாடுகடத்தியதில் பங்கெடுத்ததற்காக 1998இல் பத்து வருடச் சிறைத்தண்டனை பெற்றவர். நாவல் வெளிவந்தபோது அந்த ஒக்டோபர் இரவைப் பற்றி பிரான்சில் பேசியவர்கள் மிகக் குறைவு. ரயிலில் வாசிக்கிற மலிவுப் பதிப்பு ஒன்று அதைப் பேச வைத்தது. மற்றவர்கள் எந்தச் சாவைக் கொலை என்று எண்ணுவதில்லையோ அதைக் கொலை என்று எண்ணி அவர் தொடங்கினார். வடிவம் அவருக்கு வேலை செய்தது.

ஆகவே திராட்சைத் தோட்டக் கொலைக்கதையை வாசியுங்கோ, சந்தோசமாக வாசியுங்கோ. வாசிக்கும்போது பென்சிலால் ஒரு கணக்கு எடுங்கோ: பறிக்கிற ஆக்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கு, அவர்கள் எங்கே படுக்கிறார்கள், சம்பளம் யார் கையால் வருது. எழுத ஆசை இருக்கிற தோழர்களுக்கு இதைவிட நல்ல கதைக்கரு நான் காணேல்லை.

கடைசியாக, நாவலுக்கு வெளியே. லாச்சப்பலில் ஓகஸ்ட் மாதம் வேலை தேடுகிற பேப்பர் இல்லாத எங்கட பெடியளுக்கு ‘தோட்டத்தில ரெண்டு கிழமை வேலை’ என்று யாரும் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில. பேப்பர் இல்லாவிட்டாலும் செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கச் சட்டத்தில் உரிமை இருக்கு. வேலையிலிருந்து நிறுத்தினால் மூன்று மாதச் சம்பள அளவு இழப்பீடும் கேட்கலாம். ஆட்கடத்தல் என்று முறைப்பாடு கொடுக்கிறவருக்கு, அல்லது சாட்சி சொல்கிறவருக்கு, அந்த ஆக்களோட தொடர்பை அறுத்திருந்தால், ஒரு வருடக் காட் கிடைக்க வழி இருக்கு. தனியாகப் பொலிசுக்குப் போகாமல் தொழிற்சங்கத்தோடு போக வேண்டும். 2025 யூலை 1 முதல் வெப்ப எச்சரிக்கை நாட்களுக்கான விதி இருக்கு: குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீர் முதலாளி கொடுக்க வேண்டும். எத்தனை பாகைக்கு மேல் வேலையை நிறுத்த வேண்டும் என்று மட்டும் சட்டம் இன்னும் சொல்லவில்லை. அதற்குத்தான் சங்கம் வேணும்.

இதை ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாகத் தமிழில் எழுத நான் தயார். சரிபார்க்கச் சட்டம் படிக்கிற ஒருவரும், அச்சடிக்க ஒருவரும், கடைத்தெருவில் கொடுக்க நாலு பேரும் வேணும். கூட்டம் முடிய என்னட்டப் பெயரைத் தாங்கோ. அடுத்த மாதத்துக்கு டெனின்க்சை வாசிச்சுக்கொண்டு வாங்கோ, சின்னப் புத்தகம்தான்.