நீச்சலிற் கைவீச்சு

(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பம்பலப்பிட்டியில் வாழும் நமக்குப் புகையிரதப் பாதையைத் தாண்டினாற் கடல். ஆயினும் நம்முள் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? தெரிந்தவர்களிலும் எத்தனை பேர் செவ்வையாக நீந்துகிறோம்?

சென்ற ஆண்டு நாம் நண்பர் நால்வர் வெள்ளவத்தைக் கடலில் இறங்கினோம். உடல்வலி இருந்தது, துணிவும் இருந்தது. ஆனால் கரைக்குத் திரும்புகையில் எம்முள் ஒருவருக்கு மூச்சு முட்டியது. அருகே நீந்திய முதியவர் ஒருவரே அவரைத் தாங்கிக் கரை சேர்த்தார். எம்மைக் கடிந்துகொள்ளாமல், "தம்பிமார், தண்ணியோடை சண்டை பிடிக்கக்கூடாது" என்றார். அறுபதைக் கடந்த அவருக்கு இளைப்பே இல்லை. பலசாலிகள் என்று எண்ணியிருந்த எமக்கு வெட்கமாயிற்று.

அடுத்த வாரமே தடாகத்தில் அவரிடம் பாடங்கேட்கத் தொடங்கினோம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரட்டித்தால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே தடையைக் குறைப்பதே முதல் வேலை. வலிமை அதற்குப் பின்.

முதலாவது, தலை. முன்னே பார்க்கத் தலையை உயர்த்தினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். பார்வை தடாகத்தின் அடியை நோக்கட்டும்.

இரண்டாவது, மூச்சு. நாம் மூச்சை அடக்கிவைத்து, தலையைத் தூக்கியபின் விடுவதையும் இழுப்பதையும் ஒரே கணத்திற் செய்யப் பார்த்தோம். முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட வேண்டும். உடல் பக்கவாட்டிற் சரிகையில் தலையும் உடன் திரும்பி, வாய் மட்டும் வெளியே வந்தாற் போதும்.

மூன்றாவது, கை. தோளுக்கு நேரே அது நீரிற் புகவேண்டும். குறுக்கே போனால் உடல் பாம்புபோல் நெளியும். புகுந்தபின் முழங்கை உயர்ந்திருக்க, விரல்கள் கீழ்நோக்க, முன்கை முழுவதையும் துடுப்பாக்கிப் பின்னே தள்ளவேண்டும். நீட்டிய கையால் நீரைக் கீழே அழுத்தினால் உடல் மேலெழுமேயன்றி முன்செல்லாது.

நான்காவது, கால். அது இடுப்பிலிருந்து அசையவேண்டும். முழங்காலை மடித்து உதைத்தல் ஆகாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயன்று குழம்பினோம். பின்பு வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். 25 மீற்றருக்கு 28 கைவீச்சுப் போட்ட நாம், மூன்று மாதத்தின்பின் 21 வீச்சிற் கடந்தோம், இளைப்பும் குறைந்தது.

இத்துறையில் நம்மவர் பின்தங்கியவரல்லர். தொண்டைமானாற்று வீரர் நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் அதனை நீந்திச் சென்று, நீந்தியே மீண்டார். வலிமையை வீணாக்குவோர்க்கு இத்தகைய தூரங்கள் கைகூடுமா?

பெரியோர்களே, உங்கள் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் நீச்சல் பழக விடுங்கள். நண்பர்களே, தனியே கடலில் இறங்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இறங்கவே வேண்டாம். உங்கள் பிழையைப் பிறர் சுட்டினால் மனங்கோணாதீர்கள். அன்று மூச்சு முட்டிய நண்பர் இன்று அதே தடாகத்திற் சிறுவர்க்கு மூச்சுவிடக் கற்பிக்கின்றார்.