பனிநாட்டிற்கு எட்டு நாள்

(ஆரியசாலையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்ணகிக்குச் சிலை சமைக்க இமயத்துக் கல்லை நாடிச் சென்ற சேரன் செங்குட்டுவன், வஞ்சி நீங்கி 32 திங்கள் கழிந்தன என்று சிலப்பதிகாரம் கூறும். அதே சேரநாட்டில் குடியிருக்கும் நமக்கு வாய்ப்பதோ எட்டு நாள் விடுமுறை. மார்ச்சு முடிவில் பள்ளி அடைத்ததும், "இம்முறை மூணாறு வேண்டா, லடாக் போகலாம்" என்று இல்லந்தோறும் இளைஞர் கேட்கின்றனர். நல்ல ஆசையே. ஆயின் அந்த எட்டு நாளை எவ்வாறு பகுப்பது என்பதில்தான் பலரும் இடறுகின்றனர். அது பற்றியே பேச விழைகின்றேன்.

கேரளா எக்ஸ்பிரஸில் தில்லி சேர ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். இரண்டு இரவுகளுக்கு மேல் ஆகும். அதற்கப்பால் உள்ள மலைச்சாலைகளோ வேனிற் தொடக்கத்தில் நம்பத்தக்கவை அல்ல. காசுமீரத்திலிருந்து லடாக்கிற்குப் போகும் சோஜி லா கணவாய், 2023 இல் 68 நாள் பனியால் மூடிக் கிடந்து மார்ச்சு 16 அன்றுதான் திறந்தது. ஆகவே வானூர்தியே வழி. தில்லியில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை லே நகருக்குப் பறக்கலாம். பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதால் அங்கே ஊர்திகள் பெரும்பாலும் காலையிலேயே இறங்கும்.

இனித்தான் இன்றியமையாத செய்தி. நம் மாவட்டத்தார் ஏறிப் பழகிய பெருமலை அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். லே நகரோ ஏறத்தாழ 3,500 மீட்டர். தில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்திற்குள் அவ்வுயரத்தில் நம்மைக் கொண்டு இறக்கிவிடுகின்றனர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, நம் சங்குமுகம் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. உடல் அதற்குப் பழக நாட்கள் வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை முதற்குறிகள். இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுத் தடுமாறினாலும் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று கொள்க. உடனே மருத்துவமனைக்கு விரைந்து, தாழ்ந்த இடத்திற்கு இறங்காவிடில் உயிர் போகும். நாள்தோறும் உடற்பயிற்சி செய்யும் காளையரை இந்நோய் விட்டுவிடும் என்று எண்ணற்க. அது ஆள் பார்ப்பதில்லை.

நவராத்திரிக்கு நம் ஆரியசாலைக் கோயிலுக்கு எழுந்தருளும் வேளிமலைக் குமாரசுவாமி எப்படி வருகிறார்? பத்மநாபபுரத்தினின்று புறப்பட்டுக் குழித்துறையில் ஓரிரவு, நெய்யாற்றின்கரையில் ஓரிரவு தங்கியல்லவா வருகிறார்! காரில் இரண்டு மணி நேர வழிதான். முருகனுக்கே தங்குமிடம் வேண்டியிருக்க, நமக்கு வேண்டாவா?

ஆகவே என் திட்டம் இது. லேயில் இறங்கியதும் அங்கே தங்காது, சிந்து நதியோடு மேற்கே 65 கிலோமீட்டர் அளவு சென்று ஆல்ச்சி என்னும் சிற்றூரை அடைக. அது லேயினும் சில நூறு மீட்டர் தாழ்ந்தது. முதலிரண்டு நாள் ஓய்வு. மாடிப்படி ஏறுவதும் மெல்லவே. மூன்றாம் நாள் அவ்வூர்ப் பௌத்தப் பள்ளியின் சுவரோவியங்களைக் காண்க. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் வண்ணம் மங்காத அவற்றின் முன் ஒரு முழுக் காலையைச் செலவிடலாம். அவசரமாகப் பார்த்து வருவோர் மீது எனக்கு இரக்கமே தோன்றும். ஏப்ரல் தொடக்கமாயின், இன்னும் கீழுள்ள ஊர்களில் ஏப்ரிகாட் மரங்கள் இலை வருமுன்னரே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். சூழவுள்ள மலைகளிலோ ஒரு பசும்புல்லும் இராது. ஆண்டு முழுதும் பத்துச் சென்டிமீட்டர் அளவே மழை பெறும் பாலை அது. பனி இருப்பதால் பசுமையும் இருக்கும் என்று நினைத்துச் செல்வோர் திகைப்பர்.

பின்னர் இரண்டு நாள் லேயில். அருகிலுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்கா 1981 இல் அமைந்தது. பனிச்சிறுத்தை உறையும் இடம். 2024 இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில்தான் உள்ளன. இரண்டு நாளில் ஒன்று கண்ணில் படும் என்று பிள்ளைகளுக்கு வாக்களித்துவிடாதீர்கள்.

பாங்கோங் ஏரி எங்கே, கர்துங் லா எங்கே என்று கேட்பீர்கள். ஏரி 4,200 மீட்டருக்கு மேல்; கணவாய் 5,359 மீட்டர். எட்டு நாள் பயணத்தில், அதுவும் முதியோரும் சிறுவரும் உடன் வருகையில், இரண்டும் வேண்டா என்பதே என் துணிபு. ஓடியாடிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இன்பத்திற்காகப் பாட்டியின் நுரையீரலைப் பணயம் வைத்தல் முறையன்று. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத கைக்குழந்தையை அழைத்துச் செல்லவே வேண்டா. இதயநோய், இரத்தக் கொதிப்பு, இளைப்பு உடையோரும் கருவுற்றோரும் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்க. மலைநோய்க்கான மாத்திரையும் அவர் சொன்னால் மட்டுமே.

உடை பற்றி ஒரு சொல். சபரிமலைக் காலத்துக் குரங்குக் குல்லாய் போதாது. இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே செல்லும். கம்பளி உள்ளாடை, காற்றுப் புகாத மேலாடை, கையுறை, கறுப்புக் கண்ணாடி ஆகியன வேண்டும்.

ஏழாம் நாளை வெறுமையாக விடுக. முகில் கவிந்தால் வானூர்தி வராது. ஒரு நாள் தள்ளிப் போகும். அவ்வாறு நேராவிடில் அந்நாளில் லே கடைத்தெருவில் உலர்ந்த ஏப்ரிகாட் வாங்கலாம். விஷுக்கணி வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம்.