பொன்னாடையும் நாற்காலியும்



ஊருக்கு உழைத்த பெண்மணிகளைக் கௌரவிக்கும் வைபவத்திலே மங்களகரமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமர்வதுதான் சம்பிரதாயம் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் சென்ற வாரம் இந்த ஜில்லாவிலேயே, இதே போன்றதொரு பாராட்டு விழாவிலே, என் கண்ணெதிரே நடந்த காரியத்தைக் கண்டபின் மங்கள வார்த்தை என் நாவில் ஏற மறுக்கிறது. ஊராட்சி மன்றத் தலைவியின் பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். மேடை ஏறி வந்தவரோ அவருடைய புருஷர்! பொன்னாடை அவர் தோளில் விழுந்தது, கேடயம் அவர் கையில் ஏறியது, "சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் புகைப்படக்காரர், சாரும் சிரித்தார். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, அந்தத் தலைவியம்மாளும் கை தட்டிக்கொண்டிருந்தார். மணமகளுக்குக் கட்ட வேண்டிய தாலியை மாமனார் கழுத்தில் கட்டினால் ஊர் சும்மா இருக்குமா? இங்கே ஒருவர் முகமும் சுளிக்கவில்லை!

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானத்தை நான் அறிவேன். "அம்மாவுக்குக் கூச்சம், ஐயாவுக்கு அனுபவம்" என்பார்கள். அவர்களுடைய ராஜ தந்திரம் முழுவதும் இந்த நாலு வார்த்தைக்குள் அடக்கம். ஐயாவுக்கு என்ன அனுபவம்? தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்ற அனுபவம் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் என் காதில் சொன்னார். அந்த அனுபவம் எங்கும் சுலபமாகக் கிடைக்கிறது. அதற்குப் பொன்னாடை அவசியமில்லை.

எழுபத்து மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி அமலுக்கு வந்தது. மறு வருஷமே தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. 1996-இல் தேர்தல் நடந்து, மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் வந்து அமர்ந்தார்கள். 2016-இல் அந்தப் பங்கைப் பாதியாக உயர்த்திச் சட்டமும் திருத்தப்பட்டது. பாராளுமன்றமும் சட்டமன்றமும் கூடி, இத்தனை விவாதமும் செய்து, ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு வழங்கியது எது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாற்காலி. மரமோ பிளாஸ்டிக்கோ, ஒரே ஒரு நாற்காலி. அந்த ஒன்றைத்தான் விட மாட்டேன் என்கிறார்கள்.

2020-ஆம் ஆண்டு கடலூர் ஜில்லாவிலே, தெற்குத்திட்டை என்னும் ஊரிலே, ஆதிதிராவிடப் பெண்மணி ஒருவர், ஜனங்கள் வாக்களித்து அமர்த்திய தலைவர், ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் வீற்றிருக்கத் தரையில் உட்கார்ந்திருந்த புகைப்படத்தை நாடே பார்த்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் ஜில்லா ஆத்துப்பாக்கத்தில் ஆதிதிராவிடத் தலைவி ஒருவரைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள். செய்தி வெளிவந்த பிறகு, கலெக்டரே நேரில் வந்து நிற்க, சில நாள் கழித்து அவர் ஏற்றினார். பெண் என்பது ஒரு குற்றம், ஜாதி இன்னொரு குற்றம், ஜெயித்தது மூன்றாவது குற்றம். கொடிக்கயிற்றைப் பிடிக்கக் கலெக்டரின் காவல் தேவைப்படும் ஒரு தேசத்திலே, பொன்னாடை என்ன விலை விற்றால் நமக்கென்ன?

நாற்காலி கிடைத்து, அதில் உட்காரவும் துணிந்தவர்கள் கதி என்ன? மதுரை வில்லாபுரத்து லீலாவதியை மறந்துவிட்டோமா? 1996-இல் மாநகராட்சி உறுப்பினராக ஜெயித்து, தம் வட்டாரத்து ஜனங்களின் குடிதண்ணீருக்காகப் போராடிய அந்த அம்மையார், 1997 ஏப்ரல் 23-ஆம் தேதி பட்டப்பகலில், தெருவில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீர், ஐயா, தண்ணீர்! தங்கச் சுரங்கம் கேட்கவில்லை அவர். திருநெல்வேலி தாழையூத்தில் தலைவியாக இருந்த கிருஷ்ணவேணி 2011-இல் வெட்டுண்டு உயிர் பிழைத்தார். பெண்களுக்குத் தைரியம் போதாது என்று மேடைதோறும் பிரசங்கம் செய்யும் சூரர்களில் எத்தனை பேர், தங்கள் தெருக் குழாய்க்காக ஒரு சிறு கீறலேனும் ஏற்றிருக்கிறார்கள்?

பில்லுசேரி சின்னப்பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. எழுத்தறியாத கூலித் தொழிலாளி. வயல்வேலைக்குப் பெண்களைத் திரட்டி அழைத்துப்போய், கூலியை நேருக்கு நேர் பேசி வாங்கித் தந்தவர். களஞ்சியம் என்னும் சேமிப்பு இயக்கத்தைக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றவர். 2001-இல் டெல்லியிலே ஸ்திரீ சக்தி விருதை வழங்கிய பிரதம மந்திரி வாஜ்பாய் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. வந்து? 2024-இல் அந்த மூதாட்டி, தமக்குத் தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை என்று ஊரறியச் சொல்ல நேர்ந்தது. அதன் பிறகே மாநில முதலமைச்சர் வீடு கட்டித்தர உத்தரவிட்டார். பாதத்தைத் தொட்ட கைக்கும் பட்டத்தைத் தந்த கைக்கும், அந்தப் பாதங்கள் இரவில் எந்தக் கூரையின் கீழ் ஓய்வெடுக்கின்றன என்று விசாரிக்க இருபது வருஷத்திலும் அவகாசம் கிடைக்கவில்லை. நம் நாட்டில் பெண்களைக் கௌரவிப்பது மிகவும் மலிவான காரியம். பொன்னாடை நெய்த நெசவாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் கணக்கு முடிந்துவிடுகிறது.

சிரிக்காதீர்கள். இந்த மேடையையும் எண்ணிப் பாருங்கள். ஒன்பது நாற்காலி. எட்டில் வேட்டி. அந்த எட்டில் ஒன்று என்னுடையது. ஆகையால் மற்ற ஏழு பேரும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. விருது பெற வந்த பெண்கள் எல்லாரும் கீழே, ஜமக்காளத்தில்! வரவேற்புரை ஆற்றிய நண்பர் 'பெண்மை தெய்வம்' என்று பதினைந்து நிமிஷம் உருகினார். தெய்வத்துக்கு ஜமக்காளமும் பக்தருக்குக் குஷன் நாற்காலியுமான கோயிலை நான் எந்த ஸ்தல புராணத்திலும் படித்ததில்லை.

நாற்காலியைக் கொடுத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பேனா யாரிடம் இருக்கிறது? ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. துணைத் தலைவர் மகாராஜா ஒருநாள் கோபித்துப் பேனாவை மூடிக்கொண்டால், பழுதான மோட்டாரை மாற்றப் பணம் வராது. தெரு விளக்கு எரியாது. துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் போகாது. ஊர் திட்டுவது தலைவியை! "பொம்பளை கையில கொடுத்தா இப்படித்தான்" என்று டீக்கடையில் முதலில் ஆரம்பிப்பவரும் பேனாவை மூடிய அந்த மகாராஜாவேதான். பெண்களுக்கு நிர்வாகம் தெரியாதாம்! கையைக் கட்டிவிட்டு நீச்சல் தெரியாது என்று பரிகசிப்பவனை நான் எதைக்கொண்டு அடிப்பது?

அவைத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரமாகிவிட்டதாம். எனக்காக ஒரு பொன்னாடையும் காத்திருப்பதாக அதிலேயே எழுதியிருக்கிறார். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். தாய்மார்களே, வருகிற அக்டோபர் 2-ஆம் தேதி உங்கள் ஊர்களில் கிராம சபை கூடும். நாற்காலியில் பிரசிடெண்ட் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருந்தால், சாலையைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசுமுன், உங்களில் ஒருவர் எழுந்து, "ஐயா, தாங்கள் எந்த வார்டில் ஜெயித்தவர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி ஊராட்சிச் செயலரிடம் சொல்லுங்கள். செயலர் எழுத மறுத்தால், எழுதும் வரையில் அந்தப் புத்தகத்தில் ஒருவரும் கையெழுத்துப் போடாதீர்கள்.